ஒகேனக்கல் இறக்கத்தில் இரண்டு கார்கள்

தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கார்களுக்குச் சீட் தைப்பவர் அக்பர் அலி. அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. 1971-ல் பாப்பாரப்பட்டி விவசாயி அர்ச்சுனனும் அரூர் புளி வியாபாரி ராஜப்பனும் பெங்களூரிலிருந்து ஆளுக்கொரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி வந்தார்கள். கூரையில்லாத, இரண்டே பேர் உட்காரும் வண்டிகள். இரண்டுக்கும் அக்பர் அலிதான் புதுச் சீட் போட்டார். வேலை முடிவதற்குள் மூவரும் சிநேகிதர்களாகிவிட்டார்கள்.

"நீங்க தைச்ச சீட்டுல நீங்களே ஒரு தடவ உக்காந்து வர வேணாமா, பாய்?" என்று கேட்டார் அர்ச்சுனன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒகேனக்கல் கிளம்பினார்கள். ராஜப்பன் முன்னால் போக, அக்பர் அலி அர்ச்சுனன் பக்கத்தில் உட்கார்ந்தார். பென்னாகரம் தாண்டி மலைப்பாதை இறங்கத் தொடங்கியதும், காட்டுக்கு நடுவே, வெகு கீழே காவிரி தெரிந்தது. அக்பர் அலி முன்பக்கக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று பார்த்தார். தொப்பி காற்றில் பறந்தது. இருவரும் சிரித்தார்கள்.

அடுத்த வளைவில் அர்ச்சுனனின் சிரிப்பு நின்றது. "பிரேக் புடிக்கல பாய். ஹேண்ட் பிரேக்க இழுங்க."

அக்பர் அலி இரண்டு கையாலும் இழுத்தார். உள்ளே கம்பி அறுந்து, பிடி சும்மா மேலே வந்தது. அர்ச்சுனன் விடாமல் ஹாரன் அடித்தார். பந்தயத்துக்குத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்த ராஜப்பன் வேகமாகப் போய், ஒரு வளைவுக்கு அப்பால் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, ஜெயித்தவர்போல நடுரோட்டில் கைகளை விரித்துச் சிரித்தபடி நின்றார்.

ஒரு பக்கம் பள்ளம். நேரே ராஜப்பன். அர்ச்சுனன் பாறைப் பக்கம் திருப்பினார்.

அக்பர் அலி தூக்கியெறியப்பட்டு, தோள்மூட்டு விலகிக் கிடந்தார். கவிழ்ந்த கார் அர்ச்சுனனை அமுக்கியிருந்தது. ராஜப்பன் முதுகைக் கொடுத்து முட்டினார். அக்பர் அலி எழுந்து வந்து ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்தார். வண்டி அசையவில்லை.

"மெதுவா தூக்குங்க, அவசரமில்ல" என்றார் அர்ச்சுனன். பிறகு தண்ணீர் கேட்டார். கீழே காவிரி ஓடிக்கொண்டிருந்தது. இவர்கள் கையில் ஒரு சொட்டு இல்லை.

கீழிருந்து ஏறி வந்த பஸ்காரர்கள் வண்டியைப் புரட்டியபோது அர்ச்சுனனின் மூச்சு நின்றிருந்தது.

தோள் கட்டோடு அக்பர் அலி பாப்பாரப்பட்டிக்குப் போனார். அர்ச்சுனனின் தாய் சின்னம்மாள் அவருக்குத் திண்ணையைக் காட்டினாள்.

"நீ பக்கத்துலதான சாமி உக்காந்திருந்த?"

"ஆமாங்க ஆத்தா."

"ஒண்ணும் பண்ண முடியலியா?"

"இழுத்தேங்க ஆத்தா. அறுந்துபோச்சுங்க."

அவள் தலையசைத்தாள். "வூட்டுல களி இருக்குது. சாப்புட்டுப் போ" என்றாள்.

அதன்பின் பாப்பாரப்பட்டிச் சந்தைக்குப் போகும்போதெல்லாம் அவர் அவளைப் பார்க்கப் போனார். அவள் அதையே கேட்டாள். அவருக்கும் வேறு பதில் கிடைக்கவில்லை.