சலூன் கண்ணாடியில் ஐந்து–நான்கு–ஒன்று

நாடுகளின் பெயரை நாங்கள் சொல்வதே இல்லை. பச்சைச் சட்டை, வெள்ளைச் சட்டை, அவ்வளவுதான். உலகப் படத்தில் விரல் வைத்துக் காட்டத் தெரியாத தேசங்களுக்காக நீடாமங்கலம் ரயிலடிப் பக்கத்துச் சலூனில் உட்கார்ந்துகொண்டு தொண்டை கிழியக் கத்துவோம். அந்த வருஷம் உலகக் கோப்பை ஆட்டங்கள் நம்மூர் நேரத்துக்கு மத்தியானமே வந்தன. மேட்டூர் திறக்கவில்லை, குறுவை கிடையாது என்று ஆகிவிட்டது. வயல் காய்ந்து கிடந்தவர்கள், ஏஜெண்டிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு வளைகுடா விசாவுக்குக் காத்திருந்தவர்கள், எல்லோருக்கும் மத்தியானத்தைத் தள்ளுவதுதான் பெரிய வேலை. சலூனில் கலர் டிவி இருந்தது, அதனால் அங்கே கூடினோம்.

சலூனை ஒட்டி ஒரு எஸ்.டி.டி. பூத். அதில் உட்கார்ந்திருந்தவன் நான். என் பாஸ்போர்ட்டும் ஏஜெண்டிடம்தான் இருந்தது. வெளிநாட்டிலிருந்து யாருக்காவது போன் வந்தால், "பத்து நிமிஷம் கழிச்சுக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு சைக்கிளில் போய் வீட்டாரைக் கூட்டி வருவது என் வேலையில் பாதி.

சலூனில் ஒரு வழக்கம் இருந்தது. ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் இருக்கும்போது கேரம் போர்டை ஸ்டூல் மேல் வைப்போம். பின்னால் எத்தனை பேர், நடுவில் எத்தனை பேர், முன்னால் எத்தனை பேர் நிற்பார்கள் என்று ஒவ்வொருவனும் காய்களை அடுக்கிக் காட்ட வேண்டும். வெள்ளைக் காய் ஒன்பதுதான் என்பதால் கோல்கீப்பருக்கும் இன்னொருவனுக்கும் சோடா மூடி. சலூன்காரர் சவர சோப்பை விரலில் தொட்டு, அவனவன் சொன்ன எண்களைக் கண்ணாடியில் எழுதிவிடுவார். டிவியில் அணி நிற்கும் விதம் வந்ததும் சரிபார்ப்போம். தப்பாகச் சொன்னவன் டீ வாங்கித் தர வேண்டும்.

இதில் கோச்சை யாரும் அசைக்க முடியவில்லை. கோச் என்பது நாங்கள் கிண்டலுக்கு வைத்த பெயர். உரக்கடையில் பில் போடுகிறவர், என்னைவிட ஆறேழு வயது மூத்தவர், தஞ்சாவூரில் காலேஜ் அணிக்கு ஆடியவர். அம்மா இல்லை. அக்கா சிங்கப்பூரில் வீட்டு வேலையில் இருந்தாள். ரயில்வேயில் கேட்கீப்பராக இருந்து ஓய்வு பெற்ற அப்பா, பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து கிடந்தார். அவரைக் குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டி, துணி மாற்றிவிட்டுத்தான் கோச் தினமும் கடைக்கு வருவார். இதெல்லாம் எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் அவரை எங்களுக்குப் பிடிக்காது. ஏனென்றால் அவர் சொன்னது சொன்னபடி நடந்தது.

பச்சைச் சட்டை அவர் உயிர். முதல் இரண்டு ஆட்டத்திலும் அவர் அடுக்கிய காய் அப்படியே டிவியில் வந்தது. இரண்டாவது ஆட்டத்தன்று நான் வேறு மாதிரி அடுக்கி மாட்டிக்கொண்டேன். "மீட்டரைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கறவனுக்கு மிட்ஃபீல்டு எங்கடா தெரியப்போவுது?" என்றார். சலூனே கை கொட்டிச் சிரித்தது. அவர் அதை அங்கேயே மறந்திருப்பார். எனக்கு மூன்று நாள் வயிறு எரிந்தது.

கடைசி லீக் ஆட்டம் வந்தது. பச்சைக்குச் சமநிலை போதும், அடுத்த சுற்றுக்குப் போய்விடலாம். தோற்றால் பெட்டியைக் கட்ட வேண்டும். அன்று காலை பத்து மணிக்கு எங்கள் தெருக்காரர் ஒருவர் வளைகுடாவிலிருந்து கூப்பிட்டார். அங்கே டிரைவர். மனைவியை அழைத்து வரச் சொன்னார். போகும் முன் சும்மா வாயைப் பிடுங்கினேன்.

"அண்ணே, பச்சை இன்னிக்கு எப்படி எறங்குறானாம்?"

"இங்க அரபி டிவியில காலையிலேருந்து அதான் பேச்சு. முன்னால நிப்பானே, அந்த நெட்டையனுக்கு முழங்கால்ல அடியாம். பின்னால மூணே பேராம், முன்னால மூணு பேராம். அடிச்சு ஆடப் போறானுவளாம். உங்களுக்கு அங்க சொல்லலியா?"

எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. எங்களிடம் இருந்தது காலைப் பேப்பரும் கோச்சும்தான். அவர் மனைவியைக் கூட்டி வர சைக்கிள் மிதித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. இப்போது நினைத்தால் என் முகத்திலேயே காறித் துப்பத் தோன்றுகிறது. அன்று பாட்டே வந்தது.

கோச் அன்று காய்களை நிதானமாக அடுக்கினார். பின்னால் ஐந்து, நடுவில் நான்கு, முன்னால் ஒன்று. "டிரா போதும்டா அவனுக்கு. எதுக்கு அடிச்சு ஆடப்போறான்? கதவைச் சாத்திக்கிட்டு உக்காருவான். நெட்டையன் ஒருத்தன் முன்னால நின்னாப் போதும்" என்றார். கேட்ட எல்லோரும் தலையாட்டினார்கள். நியாயமான பேச்சு. நான் மூன்று–நான்கு–மூன்று என்று அடுக்கினேன். சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டேன்.

"டீயெல்லாம் சின்னப்புள்ளைங்க பந்தயம்ணே. தைரியம் இருந்தா பாதி மீசையை வைங்க. நானும் வக்கிறேன்."

கோச் முகம் மாறியது. அவருக்குக் கெட்டியான மீசை. "மீசை மட்டும் வேணாம்டா. வீட்டுல அப்பா அந்த நெலமையில கெடக்காரு."

அதற்கு மேல் விளக்கம் யாருக்கும் தேவையில்லை. எங்கள் பக்கத்தில் நேற்று வரை மீசையோடு திரிந்தவன் இன்று மழித்த உதட்டோடு வந்தால், அவன் அப்பா போய்விட்டார் என்றுதான் பார்ப்பார்கள். கொள்ளி வைக்கிற மகனுக்குச் சுடுகாட்டில் எடுப்பது அது. எடுக்கிறவரும் அங்கேயே, கையில் சோப்போடு நின்றுகொண்டிருந்தார்.

"தோத்தாதானே எடுக்கணும்? அப்ப தோத்துருவேன்னு உங்களுக்கே தெரியுதா?" என்றேன்.

"கோச்சுக்கே பயம் வந்துருச்சுப்பா" என்றான் ஒருவன். இன்னொருவன் விசில் அடித்தான். அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். விடச் சொல்ல ஒருவராவது இருப்பார் என்று நினைத்திருக்கலாம். சலூன்காரர் மட்டும் "தம்பி, இதெல்லாம் வெளையாட்டு இல்ல" என்று முனகினார். கோச் போர்டைத் தட்டி, "எழுதுங்கண்ணே" என்றார். கண்ணாடியில் ஐந்து–நான்கு–ஒன்று ஏறியது.

பட்டியல் வந்தது. பின்னால் மூன்று, முன்னால் மூன்று. நெட்டையன் பெஞ்சில், முழங்காலில் கட்டோடு. கோச் முகத்தில் ஈயாடவில்லை. திரும்பத் திரும்ப டிவியையும் கண்ணாடியையும் பார்த்தார். பிறகு யாரும் சொல்லாமலே நாற்காலியில் போய் உட்கார்ந்தார். மானஸ்தன்.

"படுக்கையில அப்பாவ வச்சுக்கிட்டு இருக்கற ஆளுக்கு நான் கத்தி வக்க மாட்டேங்க" என்று சலூன்காரர் கத்தியை வைத்துவிட்டு வெளியே போய் பீடி பற்றவைத்தார். கத்தியை நான் எடுத்தேன். பேச்சு பாதி மீசைக்குத்தான். பாதியை எடுத்ததும் சலூன் விழுந்து விழுந்து சிரித்தது. இப்படியே உரக்கடைக்குப் போகச் சொல்லி ஒருவன் கெஞ்சினான். கோச், "மிச்சத்தையும் எடுத்துருடா" என்றார். எடுத்தேன். மேலுதடு வெளுத்துப்போய், யாரோ போல இருந்தார்.

கொடுமை அதற்குப் பிறகுதான். இடைவேளைக்குள் பச்சை ஒரு கோல் வாங்கியது. ஒரு கோலைத் திருப்பிய பிறகு, முன்னால் நின்ற மூவரையும் வெளியே எடுத்துவிட்டுப் பின்னால் ஐந்து பேரை நிறுத்தினார்கள். நெட்டையன் கட்டோடு முன்னால் வந்து தனியாக நின்றான். கோச் அடுக்கிய காய் அப்படியே திரையில் இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து, டிராவில் முடித்து அடுத்த சுற்றுக்குப் போனார்கள். அவர் வாயைக் கையால் மூடியபடி பார்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் சொன்னதுதான் நடந்தது என்று ஒருவனும் சொல்லவில்லை. பந்தயம் தொடக்கத்துக்குத்தானே.

சாயங்காலம் பூத்தில் போன் அடித்தது. சிங்கப்பூரிலிருந்து கோச்சின் அக்கா. வாரத்துக்கு ஒருமுறை அப்பாவைப் பற்றிக் கேட்கக் கூப்பிடுவாள். நான் சைக்கிளை எடுத்தேன். வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாம். அவர் வீட்டில் எப்படிச் சமாளிக்கிறார் என்று பார்க்கும் ஆசைதான் என்னை ஓட்டியது. பொய் சொல்வானேன்.

முன்னறையிலேயே கட்டில். கோச் வாயைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். "பல்லுவலிப்பா" என்று அவரிடம் சொல்வது வாசலில் எனக்குக் கேட்டது. "கோச்சண்ணே, அக்கா லைன்ல வரப்போவுது" என்று கத்தினேன். அவர் அவசரமாக எழுந்தார். கட்டில் காலில் துண்டின் நுனி மாட்டி அவிழ்ந்தது.

கிழவர் மகனின் முகத்தையே பார்த்தார். நல்லாயிருந்த கையைத் தூக்கி, முதலில் மகனின் மேலுதட்டைத் தொட்டார். பிறகு அந்தக் கையைத் தன் நெஞ்சில் வைத்துப் பார்த்தார். கோணிய வாயால் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்.

"நான்... எப்பப்பா... போனேன்?"

"ஐயோ, இல்லப்பா! சும்மா ஒரு பந்தயம்பா. நீங்க நல்லாத்தான் இருக்கீங்க. இந்தா, இவனைக் கேளுங்க. சொல்லுடா!"

நான் சொன்னேன். கால்பந்து, சலூன், பச்சைச் சட்டை என்று என்னென்னவோ சொன்னேன். அவர் என்னைத் தாண்டி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிண்ணத்தை நீட்டியபோது வாயை இறுக்கி மூடிக்கொண்டார். பூத்தில் போன் அடித்து ஓய்ந்திருக்கும்.

அதன் பிறகு அவர் கஞ்சி குடிக்கவில்லை. கோச் மடியில் போட்டு ஊட்டுவார், அது கடைவாயில் வழியும். மன்னார்குடியிலிருந்து டாக்டர் வந்து, மூளையில் மறுபடியும் அடைப்பு, எப்படியும் வந்திருக்கும் என்றார். நல்ல மனிதர். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தூங்கப் பார்த்தேன், முடியவில்லை. ஒன்பதாம் நாள் போய்விட்டார்.

வெண்ணாற்றில் தண்ணீர் இல்லை. குடத்தில் கொண்டுவந்த தண்ணீரைக் கோச்சின் தலையில் ஊற்றினார்கள். சலூன்காரர் தலையை மழித்து முடித்துவிட்டு, உதட்டுக்கு வந்ததும் கத்தியை நிறுத்தினார். ஒன்பது நாள் முளை மட்டும் இருந்தது. "இங்க எடுக்க வேண்டியத முன்னாடியே எடுத்தாச்சு" என்று சொல்லி என்னை ஒருமுறை பார்த்தார். முறைக்குக் கத்தியை ஒருதரம் இழுத்துவிட்டுத் துடைத்துக்கொண்டார்.

எல்லாம் முடிந்து திரும்பும்போது கோச் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அப்போதே எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன் என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். கரையேறியதும் நின்று, மொட்டைத் தலையைத் துண்டால் துடைத்தபடி சொன்னார்.

"அஞ்சு பேர்னுதான்டா நெனச்சேன். எங்க தப்புவிட்டேன்னே தெரியல. நான் சரியாச் சொல்லியிருந்தா அப்பா இருந்திருப்பாரு."

"விடுங்கண்ணே, யாருக்குத் தெரியும்?" என்றேன்.