முப்பத்தேழு சிவப்பு வளையங்கள்

என் வேலைக் குறிப்பேட்டில் அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது. ஒன்று முதல் முப்பத்தேழு வரை எண்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே மரத்தின் பெயர், மார்பளவு உயரத்தில் அதன் சுற்றளவு, அதன் நிலை. கடைசி நிரலின் தலைப்பு ‘பரிந்துரை’. அதில் முப்பத்தேழு வரிகளிலும் ஒரே சொல்லை எழுதியிருக்கிறேன்: விடவும்.

அந்த மரங்கள் இப்போது இல்லை. வெட்டியவர் என் அப்பா. வெட்டும்படி செய்தது நான்.

கண்டியில் ஒரு தனியார் நில அளவை அலுவலகத்தில் வேலை செய்கிறேன். டிப்ளோமா முடித்த கையோடு கிடைத்த வேலை. அம்மாவும் அப்பாவும் தெல்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், நான் பிறந்த அதே லயத்து வரிசை வீட்டில் இருக்கிறார்கள். லயத்துக்கு மேலே ஏழாம் நம்பர் தேயிலை மலை. அதற்கும் மேலே பெரிய காடு. தேயிலை போட்ட காலத்தில் வெட்டாமல் விட்ட காடு அது. கீனவும் தம்பவும் வல்சபுவுமாக மரங்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும். உள்ளே போனால் பகலிலும் வெளிச்சம் பச்சையாகத்தான் விழும். அதன் நடுவில் ஓர் ஊற்று. அங்கிருந்து ஒரு கறுப்புக் குழாய் மலை இறங்கி எங்கள் லயத்துப் பீலிக்கு வருகிறது. குடிக்க, குளிக்க, கோயிலுக்கு எல்லாம் அந்தத் தண்ணீர்தான்.

போன மழையில் எங்கள் லயத்தின் பின்பக்கம் மண் வெடித்தது. பார்க்க வந்த அதிகாரிகள், அங்கே குடியிருக்கக் கூடாது என்றார்கள். வேறு எங்கே போவது? தேயிலை இல்லாத, வீடு கட்டும் அளவுக்குச் சரிவு குறைந்த நிலம் பெரிய காட்டின் கீழ்ப்பகுதி மட்டும்தான். நிர்வாகம் ஒரு திட்டம் போட்டது. காடு முழுவதையும் ஒரேயடியாக வெட்டுவது. கீழ்ப்பாதியில் வீடு கட்டக் குடும்பத்துக்கு ஏழு பேர்ச்சஸ் காணி, மேல்பாதியில் டர்பன்டைன் மரக்கன்று. மரங்களை அளந்து பட்டியல் போடும் வேலை எங்கள் அலுவலகத்துக்கு வந்தது.

எங்கள் தலைமை அளவையாளர் யாழ்ப்பாணத்துக்காரர். “பிள்ளை, உம்மட இடம்தானே. நீரே போய்ச் செய்யும்” என்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அளவை தொடங்குவதற்கு முன் பெரட்டுக்களத்தில் ஒரு கூட்டம் நடந்தது. காலையில் பேர் போட்டு வேலைக்குப் பிரித்து அனுப்பும் அந்த முற்றத்தில், கண்டியிலிருந்து சுற்றாடல் குழுவினர் இருவர் வந்து கதிரைகளில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஓர் இளைஞர், ஒரு மரம்கூட வெட்டக் கூடாது, காடு போனால் ஊற்று வற்றும், மலையே இளகும் என்று விளக்கினார். அவர் சொன்னதில் எதுவும் தவறில்லை. நான் படித்ததும் அதுதான்.

அம்மாவோடு கொழுந்து எடுக்கும் அக்கா ஒருத்தி எழுந்தாள். “தண்ணி போயிரும்னு சொல்றீங்க, சரி. மண்ணு வந்தா நாங்கல்ல போயிருவோம். அதுக்கு என்னா சொல்றீங்க?”

“அதுக்கு மாற்று இடம் கேளுங்க...”

“கேட்டு கேட்டுத்தானே இம்புட்டு வருசம். கண்டியில நீங்க வீடு கட்டுனப்ப எந்த மரத்துக்கிட்ட உத்தரவு கேட்டீங்க தம்பி?”

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் முகம் சிவக்கச் சிரித்தார். அக்கா விடவில்லை. என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள். “இந்தா, நம்ம அளவுக்கார அம்மா குந்தியிருக்காங்க. நீ சொல்லு புள்ள, ஒங்கம்மா எந்தச் செவுத்தோரம் படுக்குது?”

எனக்குத் தெரியும். அந்தச் சுவரின் வெடிப்பில் என் நான்கு விரல்களும் நுழையும். அதையும் அளந்து எழுதி வைத்திருக்கிறேன்.

கலஹா வழியாகக் கண்டிக்குத் திரும்பும் பஸ்ஸில் ஒரு தாளை இரண்டாக மடித்து, காடு இருந்தால், காடு போனால் என்று எழுதிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் நிறைந்தது. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்க முடியவில்லை. கடைசியில் ஒரு வழி தோன்றியது. ஊற்றைச் சுற்றி இருபத்தைந்து மீட்டருக்குள் நிலம் செங்குத்து. அங்கே வீடும் வராது, கன்றும் ஒழுங்காக நிற்காது. அந்த வட்டத்துக்குள் இருக்கும் பெரிய மரங்களை மட்டுமாவது விடச் சொல்லலாம். எழுதிக் கொடுத்தேன். நிர்வாகம் ஒத்துக்கொண்டது. மீதி மரங்கள் எல்லாவற்றுக்கும் எதிரே ‘வெட்டலாம்’ என்று எழுதியதும் என் கைதான். அதையும் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் அலுவலக விதிப்படி, காட்டை முழுதாக வெட்டும் இடத்தில் குறி போடுவது விட வேண்டிய மரத்துக்கு. எல்லாம் போகப்போகிறது, தப்புவதைத்தானே காட்ட வேண்டும். சிவப்புப் பெயின்ட்டில் மரத்தைச் சுற்றி ஒரு முழு வளையம், அதன்மேல் வெள்ளையில் எண். காலில் ஏறிய அட்டைகளைத் தட்டிவிட்டுக்கொண்டே இரண்டு நாளில் முப்பத்தேழு வளையங்கள் போட்டேன். குறிப்பிட்ட சுற்றளவுக்குக் குறைந்த சிறு மரங்கள் பட்டியலில் சேராது என்பதால் அவற்றுக்கு வளையம் இல்லை. அறிக்கை ஆங்கிலத்தில், சுருக்கம் சிங்களத்தில். தமிழில் யாரும் கேட்கவில்லை. நானும் எழுதவில்லை.

தேயிலை மலையில் நிழலுக்கு நிற்கும் சவுக்கு மரங்களை ஆண்டுக்கொரு முறை கலைப்பார்கள். பத்து மரம் நின்றால் ஒன்று போகும். அதனால் போகிற மரத்துக்குத்தான் குறி. கணக்கப்பிள்ளை முதல் நாளே டப்பாவோடு வந்து சிவப்புத் தீட்டிவிட்டுப் போவார். அன்று பின்னேரமே பொம்பளைகள் விறகுக்கு இடம் பிடிக்க ஓடுவார்கள். பிடித்த மரத்தில் ஒரு துணியைக் கட்டிவிட்டால் கிளை அவர்களுக்கு. அம்மா வேலை விட்டு வரத் தாமதமானால், பள்ளிக்கூடச் சீருடையோடு நான் ஓடுவேன். என் தலையிலிருந்த ரிப்பனை அவிழ்த்துச் சிவப்புத் தீட்டிய மரத்தில் கட்டியிருக்கிறேன், எத்தனையோ தடவை.

அந்தக் கை அதே தோட்டத்துக் காட்டில் சிவப்பைத் தீட்டும்போது இது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. மறந்துபோனேன் என்று சொல்ல முடியாது. ஒரு சிவப்பு வீட்டில் இருந்தது, ஒரு சிவப்பு அலுவலகத்தில் இருந்தது. இரண்டையும் நான் ஒரே இடத்தில் வைத்துப் பார்த்ததில்லை.

வெட்டும் வேலையை எடுத்த கொந்தராத்துக்காரர் வெளியூர்ச் சிங்களவர். ஆட்களைத் தோட்டத்திலேயே பிடித்தார். அப்பா தோட்டத்து வேலையிலிருந்து நின்றபின் மரம் அறுக்கும் வேலைக்குப் போய்வருபவர். அவர்தான் குழுவுக்குத் தலைவர். ஊற்றுப் பக்கம் அளவைக்காரர்கள் குறி போட்டிருக்கிறார்கள், பார்த்துச் செய்யுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கொந்தராத்துக்காரர் போய்விட்டார்.

ஒரு வாரம் கழித்து ஒரு பின்னேரம் நான் அலுவலகத்தில் வரைபடத்தின் முன் இருந்தபோது அப்பா அழைத்தார்.

“பாப்பா, சாப்ட்டியா?”

“சாப்ட்டேன்பா.”

“ஒன் மரமெல்லாம் முடிச்சாச்சு.”

“என் மரமா?”

“நம்பர் போட்டிருந்தியே. முப்பத்தேழும். மொதல்ல அதுலதான் கை வச்சோம். கயிறு போட்டு ஒண்ணொண்ணா எறக்குனோம், நீ விட்ட பொடி மரம் ஒண்ணுல கூட அடி படல.”

பின்னால் யாரோ கத்துவது கேட்டது. “மக எழுத்துன்னு தடவித் தடவிப் பாத்துட்டுல்ல வெட்டுனாரு பெரியவரு!” சிரிப்பு.

“சரிப்பா” என்றேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் போனேன். ஊற்றடியில் வானம் தெரிந்தது. அந்த இடத்திலிருந்து நான் வானத்தைப் பார்த்ததே இல்லை. சிறு மரங்கள் ஒரு கிளைகூட முறியாமல், வெயில் பழகாத இலைகளோடு நின்றன. வெட்டிய அடிமரங்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் வரிசையில், வெள்ளை எண் மேலே தெரியும்படி அடுக்கியிருந்தார் அப்பா. எதையும் வரிசைப்படுத்தும் பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அவர் கிட்ட வந்தார். “என்னா பாப்பா, ஏதும் விட்டுப்போச்சா?”

“அப்பா, இது வைக்க வேண்டிய மரம்.”

“எது?”

“செவப்பு போட்டது எல்லாம்.”

அவர் அடுக்கைப் பார்த்தார். பிறகு சிறு மரங்களைப் பார்த்தார். “செவப்பு போட்டா வெட்டுறதுதானே?”

“ஆபீஸ்ல, செவப்பு போட்டா விடுறதுப்பா.”

“நீ நம்ம புள்ளையாச்சே” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. “நோவு புடிச்ச மரத்தப் பாத்து நீ கழிச்சிருக்கன்னு நெனச்சேன். மத்தத நம்பி விட்டிருக்கன்னு...” முடிக்கவில்லை. பத்தொன்பதாம் எண் மரத்தின்மேல் உட்கார்ந்தார். அப்பால் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக இயந்திர வாளை நிறுத்தினார்கள். ஊற்றின் சத்தம் கேட்டது.

திங்கட்கிழமை தலைமை அளவையாளர் சொன்னார்: “உது வெட்டின ஆக்களின்ர பிழை. கொந்தராத்துக்காரன் பதில் சொல்லட்டும்.” அப்படியே விட்டிருந்தால் அறிக்கையில் பிழை செய்தவர்களாக அப்பாவின் குழு நிற்கும். ‘காரணம்’ என்ற இடத்தில் நான் மூன்று வரி எழுதினேன். குறியின் பொருள் வெட்டுபவர்களுக்கு அவர்கள் மொழியில் சொல்லப்படவில்லை. தோட்டத்தில் அதே குறிக்கு எதிர்ப்பொருள் உண்டு. குறியிட்டவருக்கு அது தெரியும்.

அவர் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “இப்பிடி எழுதினா உம்மை இனி வெளிவேலைக்கு அனுப்பேலாது, பிள்ளை.”

“தெரியும் சேர்.”

இப்போது மேசையில் மற்றவர்கள் அளந்து வந்ததை வரைகிறேன். பெரிய காடு மீதியும் போய்விட்டது. கீழே அத்திவாரம் வெட்டியிருக்கிறார்கள். அம்மா ஞாயிறுதோறும் போய் எங்கள் ஏழு பேர்ச்சஸின் நான்கு மூலையிலும் நின்று பார்க்கிறாள். அவள் சந்தோஷத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பீலியில் ஒரு வாளி நிறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று போனில் பார்த்து எழுதுகிறேன். வாளியைப் பிடிப்பவர் அப்பா. முதல் தடவை நாற்பத்திரண்டு விநாடி. அடுத்தது ஐம்பது. மாசியில் ஒரு நிமிடம் பதினெட்டு. இந்த ஆண்டு மழையும் குறைவு. மூன்று அளவுகளை வைத்துக் காரணம் சொல்ல முடியாது என்று எனக்குத் தெரியும். “எவ்வளவு?” என்று அவர் கேட்பார், சொல்வேன். மாசியில் அவர் கேட்கவில்லை. நான் எழுதி முடிக்கும்வரை நின்றுவிட்டு, ஒரு சொட்டும் சிந்தாமல் வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்.

அப்பா இன்னும் மரம் வெட்டப் போகிறார். போன வாரம் நாவலப்பிட்டிப் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து அழைத்தார்.

“பாப்பா, இங்க மஞ்சள் போட்டிருக்கு. வெட்டுறதா, விடுறதா?”

“நான் பாக்காத மரம்பா. அங்க இருக்கிறவங்கள கேளுங்க.”

“கேட்டேன். கணக்கப்பிள்ளைகிட்டயும் கேட்டேன், கொந்தராத்துக்காரர்கிட்டயும் கேட்டேன்.” வாளை அவர் இன்னும் இயக்கவில்லை. பறவைச் சத்தம் மட்டும் கேட்டது. “நீயும் ஒருக்கா சொல்லு.”