படகு ஓடிய தையல் மெஷின்

கல்யாணமாகி, பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியிலிருந்து மலைமேல் இருக்கும் பீர்மேட்டுக்கு நான் போனது எழுபதுகளின் தொடக்கத்தில். என் வீட்டுக்காரர் அங்கே தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின்களைப் பழுதுபார்க்கும் பிட்டர். எங்கள் ஊரில் குளிர் என்றால் மார்கழி விடியலில் தலைக்கு ஒரு துண்டு சுற்றிக்கொள்வதோடு சரி. அங்கே மழை பிடித்தால் கொடியில் போட்ட பாவாடை காய்வதே இல்லை. எஸ்டேட்டில் கொடுத்த கம்பளி இரண்டையும் சேர்த்துப் போர்த்தினாலும் முழங்காலில் குளிர் உட்கார்ந்திருக்கும்.

எங்கள் அம்மா பழைய சேலைகளை அடுக்கி, கையால் ஓட்டுத்தையல் போட்டு விரிப்புச் செய்வாள். அதே மாதிரி, நடுவில் ஒரு கம்பளியும் வைத்துக் கனமாக ஒரு போர்வை தைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கம்பளிக்குள் கையூசி இறங்க மறுத்தது. விரல்தான் புண்ணானது.

கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த பாய் பாலக்காட்டு ராவுத்தர். ஊர்ப் பேச்சைக் கேட்கலாம் என்றே அங்கே போவேன். மேல்துணிக்கு வெட்டுத்துண்டு வாங்கப் போன அன்று, துணிக்கட்டுகளுக்குப் பின்னால் ஒரு பழைய கைமெஷின் தெரிந்தது. கறுப்பு உடம்பு, அதில் தேய்ந்த தங்கப் பூ. ஒருத்தர் வேண்டாம் என்று போட்டுவிட்டுப் போனது, யார் கை வைத்தும் தைக்கவில்லை என்றார் பாய்.

“நான் கொண்டுபோய்ப் பாக்கட்டுங்களா?” என்றேன்.

தாராளமாகப் பார், தைத்தால் நீயே வைத்துக்கொள் என்றார்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் என் வீட்டுக்காரர் அதை மோந்து பார்த்தார். “தலைக்குத் தேய்க்கிற தேங்காயெண்ணெயை இதுல ஊத்தி வச்சிருக்காவ” என்றார். அந்த எண்ணெய் காய்ந்து மூட்டுக்கு மூட்டு பிசினாகப் பிடித்திருந்தது. கோழி இறகால் ஒவ்வொரு துளையிலும் மண்ணெண்ணெய் விட்டு ஊறப்போட்டோம். மறுநாள் கைப்பிடி சுற்றியது. கறுப்பாக வடிந்ததை எல்லாம் துடைத்துவிட்டு, நல்ல மெஷின் எண்ணெயை மூட்டுக்கு ஒரு சொட்டு விட்டார். நான் ஊசிக்குக் கீழே இருந்த தகட்டை நகர்த்திப் பார்த்தேன். உள்ளே ஒரு படகு இருந்தது.

நான் அதுவரை பார்த்த மெஷின்களில் கீழ்நூல் வட்டப் பெட்டிக்குள் இருக்கும். இதில் விரல் நீளத்தில் கூர்முனையோடு ஓர் இரும்புப் படகு, அதற்குள் பென்சில் போல ஒல்லியான பாபின். கைப்பிடியைச் சுற்றினால் படகு முன்னும் பின்னும் ஆடியது. துணி வைத்துத் தைத்துப் பார்த்தால் மேல்நூல் மட்டும் தனியாகக் கிடந்தது. அவர் திருப்புளியை எடுத்தார்.

“ஏனுங்க, எதையும் கழட்ட வேண்டாமுங்க. இது என்ன பண்ணுதுன்னு முதல்ல பாக்கறேன்” என்றேன்.

அதற்கப்புறம் சமையல் முடிந்தால் எனக்கு அதுதான் வேலை. மெதுவாகச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஊசி கீழே போய் மேலே ஏறத் தொடங்கும்போது படகின் மூக்கு அதை உரசினாற்போல் கடக்கிறது. அந்த நேரத்தில் ஊசியருகே நூல் ஒரு வளையமாக நின்றால்தான் படகு அதற்குள் புகமுடியும். வளையம் விழவில்லை. ஏன் என்று ஊசியைக் கழற்றி வெயிலில் பிடித்தேன். ஒரு பக்கம் நெடுக ஒரு வாய்க்கால், மறுபக்கம் கண்ணுக்கு மேலே லேசான சரிவு. வாய்க்கால் நூல் படுத்துக்கொண்டு இறங்குவதற்கு என்றால், படகு வரவேண்டியது மறுபக்கம் அல்லவா? ஊசியைத் திருப்பி மாட்டினேன். தையல் விழுந்தது. தொழிற்சாலைக்கே ஓடிப்போய் அவரிடம் சொல்லத் தோன்றியது. ஆனாலும் சாயங்காலம்வரை பொறுத்தேன்.

போர்வை வேறு பாடம் சொல்லிக்கொடுத்தது. கீழே இருக்கிற பல் அடித்துணியை இழுக்க, மேலே அழுத்துகிற பாதம் மேல்துணியை நிறுத்த, கடைசியில் எல்லாம் கொசுவமாகக் கூடிவிட்டது. பிரித்தேன். பாதத்தின் அழுத்தத்தைத் தளர்த்தி, கோணியூசியால் நடுவிலிருந்து ஓரத்துக்குப் பெருந்தையல் போட்டுப் பிடித்துக்கொண்டு, எல்லா வரிசையையும் ஒரே திசையில் ஓட்டினேன். ஒரு பாதியைக் கோரைப்பாய் மாதிரிச் சுருட்டி மெஷினின் கைக்கு அடியில் நுழைக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் சுருட்டியதைத் தாங்கிப் பிடிப்பார். வாரத்துக்கு ஒரு முறை பல்லுக்கு இடையில் சேர்ந்த பஞ்சை ஊசியால் கிளறி எடுப்பேன். அடியில் என்னுடையது அல்லாத பழம்பஞ்சு ஒட்டடை மாதிரி படிந்திருந்தது. மேலே சிவப்பு, அதற்கும் கீழே கருநீலம்.

இதில் யார் என்ன தைத்தார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பாயிடம் கேட்டேன். எஸ்டேட் ஆஸ்பத்திரி ஆயாம்மா கொண்டுவந்து போட்டது என்றார்.

அந்த அக்காவுக்கு நாற்பது வயதிருக்கும், தனியாக இருந்தாள். கூப்பிட்டதும் டியூட்டி முடிந்து நேரே வந்தாள். கிழிந்துபோன சிவப்புக் கம்பளிகளை வெட்டிப் பிறந்த குழந்தைகளுக்குப் போர்வை தைத்துக்கொண்டிருந்தாளாம். ஒருநாள் ஊசி ஒடிந்தது, புது ஊசி போட்டாள், அதோடு தையல் விழுவது நின்றுவிட்டது. செத்துப்போன மெஷினைப் பார்க்கப் பிடிக்காமல் கடையில் விட்டுவிட்டாள். நான் ஊசியைக் கழற்றி அவள் கையில் கொடுத்தேன். வாய்க்காலை நகத்தால் தடவிப் பார்த்தாள்.

“நான் திருப்பிப் போட்டுட்டேனா?” என்றாள். சிரிப்பு வந்தது அவளுக்கு.

பஞ்சையும் காட்டினேன். சிவப்பு அவளுடையதுதான். கருநீலத்தை விளக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். “இது நான் தைச்சது இல்லையே” என்றாள். அவளுக்கு அந்த மெஷின் ஒரு பங்களாவில் பழஞ்சாமானோடு கிடைத்ததாம். கோட்டா, திரைச்சீலையா, குதிரைக்குப் போர்த்துகிறதா என்று இருவரும் என்னென்னவோ நினைத்துப் பார்த்தோம். இன்றுவரை எனக்குத் தெரியாது.

மெஷினைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொன்னேன், கேட்கவில்லை. நீ தைக்கிறதைப் பார்த்தால் போதும் என்றாள். ஆனால் பார்த்துக்கொண்டு அவளால் இருக்கமுடியவில்லை. அடுத்த வாரமே ஆஸ்பத்திரிக் கம்பளித் துண்டுகளோடு வந்து, நான் சோறு வடிக்கும் நேரத்தில் அவள் சுற்றினாள். என் போர்வையின் கடைசி வரிசைகள் அவள் தைத்தவை. என்னுடையதைவிட நேராக இருக்கும்.

சில வருஷத்தில் அவருக்கு எலப்புள்ளிக்குப் பக்கத்திலேயே கஞ்சிக்கோட்டில் வேலை கிடைத்து மலையிறங்கினோம். அதற்கு முந்தின நாள் நானும் அவரும் மெஷினைச் சாக்கில் சுற்றி அக்கா வீட்டில் வைத்துவிட்டு வந்தோம். இந்தத் தடவை அவள் மறுக்கவில்லை. இரண்டு ஊசி உபரியாக வாங்கி வைத்திருந்தாள்.

போர்வை மட்டும் எங்களோடு எலப்புள்ளிக்கு வந்தது. அந்த வெயிலில் யார் போர்த்துவது? எங்கள் அப்பா அதைக் கயிற்றுக்கட்டிலில் விரித்துக்கொண்டார். மத்தியானத் தூக்கம் கலைந்து எழுந்தால் அப்பா முதுகில் தையல் வரிசை பதிந்திருக்கும்.