குளவிக்குக் கட்டிய பை

கும்மிடிப்பூண்டியில் எங்கள் வீட்டுக் கொய்யா மரத்தில் பழம் பறிக்க முடியாதபடி குளவிகள். காகிதப் பையை உப்பலாகக் கட்டினால், வேறு குளவிக் கூடென்று பயந்து போய்விடும் என்றார்கள். பக்கத்து வீட்டைப் பார்த்த கிளையில் கட்டினேன்.

கம்பெனி பஸ்ஸில் எனக்கு இடம் பிடிக்கும் பக்கத்து வீட்டு கலா அக்கா, மறுநாள் அந்த இடத்தில் தன் சாப்பாட்டுப் பையை வைத்துக்கொண்டார். நான் விடுவேனா? சாயங்காலமே போய்க் கேட்டேன்.

“எங்க ஊட்டப் பாத்து திருஷ்டி கட்டிக்கினு, இன்னான்னு வேற கேக்கறியா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரைக் கையோடு இழுத்து வந்து பையைப் பிரித்துக் காட்டினேன். உள்ளே பழைய பேப்பர்தான்.

“குளவிக்குக் கட்டுனது, அக்கா!”

அக்கா வெட்கத்தை மறைத்துக்கொண்டு சொன்னார்: “அப்ப எனக்கும் ஒண்ணு கட்டு. குளவிக்கும் ஆச்சு, ஊரு கண்ணுக்கும் ஆச்சு.”

யார் முகத்தைத் திருப்பினாலும் இப்போதெல்லாம் அன்றே போய்க் கேட்டுவிடுகிறேன். குளவிகள் இன்னும் வருகின்றன. வரட்டும், பஸ்ஸில் என் இடம் காலியாக இருக்கிறது.