மதினி எண்ணிய பன்னிரண்டு

எங்கள் சமையலறைச் சுவரில் ஒரு ஜல்லிக் கரண்டி தொங்குகிறது. இரும்புக் கரண்டி. காம்பு லேசாக வளைந்திருக்கும். ஓட்டைகளில் இரண்டு எண்ணெய்க் கசடு ஏறி நிரந்தரமாக அடைத்துப்போய்விட்டன. மதினி டெக்சஸில் இருக்கும் மகன் வீட்டோடு போனபோது எனக்கென்று விட்டுச் சென்றது இது ஒன்றைத்தான். என் கணவரின் அக்காவைத்தான் மதினி என்கிறேன். விருதுநகர்ப் பக்கத்தில் நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். நாத்தனார் கொடுமைக் கதையை எதிர்பார்த்து உட்காருகிறவர்களுக்கு இது கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். இதில் கொடுமை செய்தது நான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அமெரிக்காவின் சன்னிவேலில் சர்க்யூட் போர்டுகளுக்குத் தாமிர முலாம் பூசும் ஒரு தொழிற்சாலையில் நான் பிராசஸ் இன்ஜினியராக இருந்தேன். அக்கம்பக்கத்துத் தமிழர்கள் எல்லோரும் சாஃப்ட்வேர். பிறந்தநாள் விருந்துகளில் யாராவது வேலையைப் பற்றி விசாரித்துவிட்டு, "ஃபேக்டரியா? இங்க இன்னும் ஃபேக்டரியெல்லாம் இருக்கா?" என்று கேட்பார்கள். அவர்கள் தட்டும் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பச்சைப் பலகை மரத்தில் காய்த்தது என்ற நினைப்பு. நான் சேர்ந்து ஒரு வருடம் கழித்து மதினியும் அங்கேயே முலாம் லைனில் ஆபரேட்டராக வந்தார். முதல் நாளே அவரிடம் சொல்லிவிட்டேன்: "நாம சொந்தம்னு அங்க யாருக்கும் தெரிய வேண்டாம் மதினி. கம்பெனி கம்பெனி, வீடு வீடு." சலுகை காட்டுகிறேன் என்ற பேச்சு வரக்கூடாது என்பது நான் சொன்ன காரணம். சொல்லாத காரணம் வேறு. என் கணவரின் அக்கா முழங்கை வரை ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு தொட்டி ஓரத்தில் நிற்பதை என் கௌரவம் தாங்கவில்லை. "சரி தாயி" என்றார். ஒரே அபார்ட்மென்ட் வளாகத்திலிருந்து இரண்டு கார்களில் கிளம்பிப் போவோம். வாசலில் என்னைப் பார்த்ததும் "குட் மார்னிங் மேடம்" என்பார். கண்ணில் மட்டும் ஒரு சிரிப்பு இருக்கும்.

முலாம் வேலை பார்க்க எளிது. போர்டுகளை ஒரு சட்டத்தில் மாட்டித் தாமிரக் கரைசலில் முக்குவார்கள். மயில்துத்தம் கரைத்த மாதிரி கண்ணைப் பறிக்கும் நீலம் அது. பூச்சு ஏறியதும் மோட்டார் கொக்கியால் சட்டத்தைத் தூக்கிப் பக்கத்துத் தொட்டியில், ஓடும் தண்ணீரில் அலசுவார்கள். அலசிய தண்ணீர் மூன்று லைன்களிலிருந்தும் ஒரே பள்ளத்தில் சேர்ந்து, சுத்திகரிப்பு முடிந்து சாக்கடைக்குப் போகும். அந்த வருடம் நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. நீங்கள் விடும் தண்ணீரில் தாமிரம் அதிகம், அது வளைகுடாவில் போய்ச் சேருகிறது, ஆறு மாதத்தில் குறைக்காவிட்டால் அனுமதி ரத்து. முலாம் பிரிவையே மலேசியாவுக்கு அனுப்பிவிடலாம் என்று மேலிடத்தில் பேச்சு எழுந்தது. அமெரிக்காவில் இனி உற்பத்தி என்ற ஒன்று இருக்குமா என்று கேன்டீனில் ஆளுக்கொரு ஜோசியம் சொன்னார்கள். நான் பெரிய சுத்திகரிப்பு இயந்திரம் ஒன்றைக் கேட்டேன். பிளான்ட் மேனேஜர் அதற்கு வழியில்லை என்றார். மூன்று லைனில் ஒன்றை மூடினால் தாமிரமும் குறையும் என்று அவரே கணக்குப் போட்டு, எந்த ஆபரேட்டர்களை அனுப்பலாம் என்று பட்டியல் தரச் சொன்னார்.

மணிக்கு எத்தனை சட்டம் என்று பார்த்தேன். மூன்று லைன்களிலும் ஆக மெதுவானது மதினியின் லைன். அந்தக் கோடையில்தான் அவர் கணவருக்கு, எனக்கு அண்ணன் முறை, பைபாஸ் நடந்திருந்தது. அண்ணனின் மருந்து, பரிசோதனை எல்லாமே மதினியின் வேலையோடு வந்த இன்ஷூரன்ஸில் ஓடிக்கொண்டிருந்தன. எல்லாம் தெரிந்துதான் முதல் பெயராக அவர் பெயரை எழுதினேன். வேறு யாராவது என்றால் இன்னொரு வாரம் கவனித்துப் பார்த்திருப்பேன். சொந்தம் என்பதால் அந்த ஒரு வாரத்தையும் கொடுக்கவில்லை. வியாழக்கிழமை பட்டியலைக் கொடுத்துவிட்டு வந்தபோது நேர்மையாக நடந்துகொண்டோம் என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. இப்போது நினைத்தால் கூசுகிறது.

ஞாயிற்றுக்கிழமை மதினி வீட்டில் உளுந்த வடை. வீட்டுக்குள் சுட்டால் புகை அலாரம் ஊரைக் கூட்டிவிடும் என்பதால் பால்கனியில் மின் அடுப்பு வைத்துச் சுட்டுக்கொண்டிருந்தார். நான் தட்டோடு பக்கத்தில் நின்றேன். வடைகளை இந்தக் கரண்டியில் அள்ளி, சட்டி விளிம்பில் ஒரு ஓரம் தாழச் சாய்த்துப் பிடித்துக்கொண்டே நின்றார். உதடு மட்டும் அசைந்தது.

"போதும், போடுங்க மதினி. பசிக்குது."

"பொறு. வடியட்டும்."

"ரெண்டு சொட்டு எண்ணெய்தானே?"

"எண்ணெய்க்கடைக்காரர் மககிட்ட வந்து சொல்றியா? சட்டியில விழுந்தா அது எண்ணெய். தட்டுல விழுந்தா அழுக்கு. அப்புறம் அதை எதைப் போட்டுத் தேய்ச்சுக் கழுவுறது?"

நான் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். லைனிலும் அவர் சட்டத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இப்படித்தான் உதடு அசைப்பார். சாமி பேர் சொல்கிறார் என்று நினைத்திருந்தேன்.

"மதினி, லைன்லயும் எண்ணுவீங்களா?"

"பின்ன? பன்னெண்டு. அதுக்குள்ள முக்கால்வாசி வடிஞ்சிரும். சூப்பர்வைசர் சீக்கிரம் சீக்கிரம்ங்கான். காதுல வாங்குறதில்ல."

வடை அருமையாக இருந்தது என்றுதான் நினைக்கிறேன். எனக்கு ருசி தெரியவில்லை.

திங்கட்கிழமை மதியம், சாப்பாட்டு மணி அடித்து எல்லோரும் போன பிறகு, மூன்று அலசும் தொட்டிகளையும் எட்டிப் பார்த்தேன். நான்கு மாதமாகக் கடைசிப் பள்ளத்துத் தண்ணீரையே குப்பி குப்பியாக எடுத்துச் சோதித்துக்கொண்டிருந்தவள், ஒரு தடவையாவது தொட்டிக்குள் குனிந்து பார்த்திருக்க வேண்டும். முதல் தொட்டி நீலம். இரண்டாவதும் நீலம். மதினியின் தொட்டியில் அடிப்பலகையின் திருகாணிகள் தெரிந்தன. யாரோ எப்போதோ தவறவிட்ட ஒரு பிளாஸ்டிக் கிளிப் மூலையில் கிடப்பதுகூடத் தெரிந்தது. அதே கரைசல், அதே குழாய், அதே போர்டுகள். மற்ற லைன்களில் சட்டத்தைத் தூக்கிய வேகத்தில் நீலம் சொட்டச் சொட்டத் தண்ணீரில் இறக்கிவிடுகிறார்கள். இங்கே அந்தச் சொட்டு தாய்த் தொட்டிக்கே திரும்பிவிடுகிறது. அங்கே இருக்கும்வரை அது தாமிரம்; தண்ணீருக்கு வந்துவிட்டால் விஷம். விஷத்தைப் பிடிக்க நான் இயந்திரம் தேடிக்கொண்டிருந்தேன். அவர் அதைத் தாண்டவே விடவில்லை. பெரிய அணைக்கட்டைப் பார்த்தாற்போல வாய் பிளந்து, அந்த ஆழமில்லாத தொட்டியின் முன்னால் எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது.

நேராக மேனேஜரிடம் போனேன். பட்டியல் தப்பு என்றேன். அந்த லைன் மெதுவாக ஓடுவதுதான் நமக்கு வேண்டிய மருந்து என்றேன். அதை ஓட்டுபவர் என் நாத்தனார் என்பதையும் சொன்னேன். மேனேஜர் தொட்டிகளை வந்து பார்த்தார். பிறகு, அந்த அம்மாவிடம் வெள்ளிக்கிழமையே விஷயத்தைச் சொல்லிவிட்டேனே, பட்டியல் போட்டது நீதான் என்றும் சொன்னேனே என்றார்.

வெள்ளிக்கிழமை. அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமை எனக்கு வடை சுட்டுப் போட்டபோது அவருக்குத் தெரியும். எண்ணெய் வடிந்த வடையாகப் பொறுக்கி என் தட்டில் வைத்தபோது தெரியும்.

லைனுக்குத் திரும்பினேன். மதினி கையுறை மாட்டிக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சும் ஏன் மதினி என்னை ஒரு வார்த்தை கேக்கல?"

"வீட்டுல எதுக்கு அந்தப் பேச்சு? கம்பெனி கம்பெனி, வீடு வீடு. நீதான தாயி சொன்ன." சொல்லிவிட்டுச் சட்டத்தைத் தூக்கினார். உதடு அசைய ஆரம்பித்துவிட்டது. எண்ணிக்கையின் நடுவே மன்னிப்புக் கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

மறுவாரத்திலிருந்து மூன்று லைன்களிலும் பன்னிரண்டு. தொட்டிகளுக்கு நடுவே சொட்டு திரும்பி வழியச் சரிவான பலகைகள் வைத்தோம். வேகம் குறைந்ததைச் சமாளிக்கச் சட்டங்களைக் கொஞ்சம் அகலமாக்கினோம். வியட்நாம்காரப் பெண்களும் மெக்சிகோக்காரர்களும் மதினியிடம் கேட்டுக் கேட்டு, "ஒன்னு, ரெண்டு, மூனு" என்று தமிழிலேயே எண்ணிப் பழகிவிட்டார்கள். "எட்டு" மட்டும் எல்லோருக்கும் சுலபமாக வந்தது. "ஒன்பது" கடைசிவரை யாருக்கும் வரவில்லை. ஆறு மாதம் முடிந்து நகராட்சிக்காரர் வந்து சோதித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். எந்த லைனையும் மூடவில்லை. மலேசியாப் பேச்சு அடங்கியது. பிறகு தானியங்கிக் கொக்கி வந்தபோது, தூக்கியபின் எத்தனை விநாடி நிற்க வேண்டும் என்ற கட்டத்தில் பன்னிரண்டு என்று தட்டியவள் நான்தான். இரண்டாயிரத்து ஒன்றில் டாட்காம் சரிந்து, விருந்துகளில் எங்களைக் கேலி செய்த அலுவலகங்கள் நாற்காலிகளைத் தெருவில் வைத்து விற்றபோதும் அந்தக் கொக்கி பன்னிரண்டு எண்ணிக்கொண்டிருந்தது. ஆர்டர் குறைந்து இரண்டு ஷிப்ட் ஒன்றானது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் லைன் ஓடியது. அண்ணனின் இதயமும் ஓடியது. அமெரிக்க உற்பத்தியின் எதிர்காலம் என்று அறிஞர்கள் மேடையில் பேசும்போதெல்லாம் எனக்கு அந்தத் தொட்டியின் அடியில் தெரிந்த திருகாணிகள்தான் ஞாபகம் வரும்.

போன மாதம் வடை சுட்டேன். சுவரிலிருந்து கரண்டியை எடுத்தபோது மதினி ஞாபகம் வந்து டெக்சஸுக்கு ஃபோன் போட்டேன். ஸ்பீக்கரில் வைத்துவிட்டு ஈடு எடுத்தேன்.

"வடிய விட்டியா?"

"விட்டேன் மதினி."

"எத்தனை வரைக்கும் எண்ணுன?"

பொய் சொல்ல நினைத்தேன். வாய் வரவில்லை. "ஏழு."

"ஏழா! நல்ல வேளை, நீ என் லைன்ல இல்ல. இருந்திருந்தா லிஸ்ட்டுல முதல் பேரா உன் பேரைத்தான் எழுதிக் கொடுத்திருப்பேன்."

அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு, அத்தனை வருடத்தில் அந்தப் பட்டியலைப் பற்றி அவர் வாய் திறந்தது அந்த ஒரு தடவைதான். அவர் சிரிக்கிறார், எனக்குக் கண் மறைக்கிறது. கரண்டியைச் சட்டி விளிம்பில் ஒரு ஓரம் தாழச் சாய்த்து, ஒன்னு என்று ஆரம்பித்தேன். ஃபோனில் மதினியும் கூடவே எண்ணினார்.