அறாத தந்தியை மாற்றுவது குறித்து

இருப்பில் உள்ள ஒரு பொருளுக்குப் பதிலாகப் புதியது வழங்க வேண்டுமானால், பழையது பயனற்றது என்று உரிய அதிகாரி முதலில் சான்றளிக்க வேண்டும். பணிக்காலம் முழுவதும் பண்டகப் பிரிவில் இந்த விதியைக் காத்தவன் நான். கால் ஆடினாலும் ஒருவர் உட்கார முடிகிற வரை அது நாற்காலிதான் என்று கோப்பில் எழுதியிருக்கிறேன். உட்கார்ந்தவர் என்ன சொன்னார் என்பது கோப்பில் இல்லை.

ஓய்வு பெற்றதும் மகள் எனக்கு ஒரு உகுலேலே வாங்கித் தந்தாள். கிடாரின் குட்டி போல இருக்கும். நான்கு நைலான் தந்திகள். கூடவே ஓர் உறையில் மாற்றுத் தந்திகளும் வைத்திருந்தாள். உறையை பீரோவில் வைத்துப் பூட்டினேன். எந்தத் தந்தியும் அறவில்லை. ஆகவே மாற்ற முகாந்திரமும் இல்லை. இப்படியே சில ஆண்டுகள் போயின.

போன மழைக்காலத்தில், என்னிடம் வேலை பார்த்த ஒரு நண்பர் வீட்டுக்கு வந்தார். செஞ்சிக்குப் பக்கத்துக் கிராமத்தில், மாதா கோயில் பாடகர் குழுவை நடத்துகிறவர். கிறிஸ்துமஸ் காலைப் பூசையில் ஒரு பாட்டுக்கு வாசிக்கக் கூப்பிட்டார்.

“மேல்சித்தாமூர் நயினார் மாதா கோயில்ல வாசிக்கிறாரா?” என்று எங்கள் சமண மடத்து ஊரைச் சொல்லி மனைவி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதுவரை நான் நாலு பேர் முன்னால் வாசித்ததே இல்லை. எந்தப் பதவி உயர்வையும் இந்த அளவுக்கு விரும்பியதில்லை.

முதல் ஒத்திகையில் நண்பர் பாட்டைப் பாதியில் நிறுத்தினார்.

“எங்கியோ இடிக்குது சார்.”

“சுருதி சேத்துட்டுத்தான் வந்தேன்.”

“வெறும் தந்தி நல்லாத்தான் பேசுது. விரல வச்சா கோச்சிக்கிது. பாடறவங்க தடுமாறுறாங்க. இப்டியே இருந்தா கீபோர்டு வச்சிக்கலாம் சார், தப்பா எடுத்துக்காதீங்க.”

அலுவலகத்தில் இதற்கு முன்னறிவிப்பு என்று பெயர்.

ஒரு தந்தியின் ஆயுள் எத்தனை மாதம் என்று கேட்டு, உகுலேலே வாங்கிய கடைக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். ‘தங்கள் கேள்வி பரிசீலனையில் உள்ளது’ என்று உடனே வந்தது. அந்த வாக்கியத்தை நானே பலருக்கு அனுப்பியிருக்கிறேன். அதன் பொருள் எனக்குத் தெரியும். இருந்தும் காத்திருந்தேன்.

“ஏங்க, கடைக்காரன் பதில் போட்டாத்தான் உங்க காது கேக்குமா?” என்றாள் மனைவி.

“முறைன்னு ஒண்ணு இருக்குது.”

“நாலு தந்திக்கு எந்த அதிகாரி வரணும்? நானே கையெழுத்துப் போடறேன், மாத்துங்க.”

அதன் பிறகுதான், முதலிலேயே செய்திருக்க வேண்டிய ஆய்வைச் செய்தேன். தந்தியின் அடிப்பக்கமாக நகத்தை ஓட்டினேன். கழுத்தில் பதித்த உலோகக் கட்டைகளின் மேல் அழுந்துகிற இடங்களிலெல்லாம் பள்ளம் விழுந்திருந்தது. கண்ணாடி போல இருந்த தந்தி மங்கியிருந்தது. மீட்டினால் ஒலி நீளாமல் டொக்கென்று அடங்கியது. கைபேசிச் செயலியில் வெறும் தந்தி சரியாகக் காட்டியது. நடுவில் அழுத்தினால் சுரம் ஏறிப்போனது. அறுவது ஓர் அடையாளமே அல்ல. அழுத்திய இடத்தில் உரிய சுரம் வராவிட்டால் அதன் வேலை முடிந்தது. சான்றளிக்கும் அதிகாரி நானே என்று தீர்மானித்து பீரோவைத் திறந்தேன்.

ஒவ்வொன்றாக மாற்றினேன். அடுத்த ஒத்திகையில் ஒரு சரணம் முடிவதற்குள் நான்கும் சுருதி இறங்கிவிட்டன.

“இன்னா சார், முன்ன இருந்ததே தேவல போலிருக்குதே!”

“புது நைலான் அப்படித்தான் இளகும். அடங்கக் கொஞ்ச நாள் ஆவும்.”

“கிறிஸ்துமஸுக்குள்ள அடங்குமா?”

“அடங்க வைக்கிறேன்.”

“ரிடையரான பிறகும் அதிகாரம் போவல பாரு,” என்று குழுவில் ஓர் அம்மாள் முணுமுணுத்தது நன்றாகவே கேட்டது.

எழுந்ததும், சாப்பிட்டதும், விளக்கு வைத்ததும் தந்திகளை மெல்ல இழுத்துவிட்டு மறுபடி சுருதி சேர்த்தேன். செஞ்சிக் கோட்டை மலையே தெரியாமல் மழை கொட்டிய நாட்களிலும் விடவில்லை. ரேடியோ ரிப்பேர் செய்கிறேனா என்று பக்கத்து வீட்டில் விசாரித்தார்களாம். ஒரு நாள் காலையில் உகுலேலேயை எடுத்து மீட்டினேன். நான்கும் முந்தைய மாலை விட்ட இடத்திலேயே நின்றன. மறுநாளும் நின்றன.

கிறிஸ்துமஸ் காலையில் என் பாட்டுக்கு முறை வந்தது. தந்திகள் பிசகவில்லை. தப்பு வந்தால் மட்டும் என்னைப் பார்க்கும் நண்பர், பாட்டு முடியும்வரை திரும்பவே இல்லை. கீபோர்டு உறையிலேயே கிடந்தது.

“ஈஸ்டருக்கும் வந்துடுங்க சார்,” என்று கேக்கை நீட்டினார்.

தந்தியைத் தாங்களே பரிசோதித்து முடிவு செய்துகொள்ளலாம் என்று கடைக்காரரிடமிருந்து பதில் வந்தது. அன்று போகி.