பாயின் குடை எந்தக் கப்பலில் வருகிறது?

எங்கள் தீவில் குடையும் ரெயின்கோட்டும் விற்கும் பாய் ஒருவருக்கு வெப்சைட் செய்து கொடுத்திருக்கிறேன். பிரவுசர் டேப்பில் கடைப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு குட்டிக் குடை தெரிய வேண்டும். பாயின் ஒரே ஆசை அதுதான்.

முதலில் குடைப் படத்தை எஸ்விஜி வடிவத்தில் போட்டேன். எவ்வளவு பெரிதாக்கினாலும் கலங்காது என்று பெருமை வேறு அடித்துக்கொண்டேன். பாயின் போனிலும், மெயின்லேண்டில் இருக்கும் அவர் மச்சான் போனிலும் குடைக்குப் பதிலாக கடைப் பெயரின் முதல் எழுத்து மட்டும் வந்து நின்றது.

அதையே பிஎன்ஜி வடிவத்தில் போட்டேன். மச்சானுக்குக் குடை வந்துவிட்டது. ஆனால் பாய் கடையின் மாயாபந்தர் கிளையில் இருக்கும் ஓட்டைக் கம்ப்யூட்டரில் ஒன்றுமே இல்லை.

அந்தக் கிழத்துக்காக ஐகோ என்ற பழைய வடிவத்தையும் சேர்த்தேன். அங்கேயும் குடை விரிந்தது.

இன்று காலை பாய் கடைக்குக் கூப்பிட்டார்.

“என்னம்மா, மெயின்லேண்டுல தெரியுது, மாயாபந்தர்ல தெரியுது. என் போன்ல மட்டும் இன்னும் அந்த எழுத்துதான். கடை என்னுதுதானே?”

“உங்க போன் பழசையே பிடிச்சு வெச்சிருக்கு பாய். அதுவா விட்டாத்தான் புதுசு வரும்.”

“மத்லப்?”

அப்படியென்றால் என்ன என்று கேட்கிறார். போன் சேமித்து வைத்திருந்த பழைய படத்தை இரண்டு முறை அழித்துக் காட்டினேன். அதே எழுத்து. மறுபடி விளக்கினேன். மறுபடி “மத்லப்?”

கடைசியில், எல்லாமே கப்பலில் வரும் இந்த ஊரில் வெங்காயம் முதல் சிமெண்ட் வரை எது வராவிட்டாலும் சொல்லும் பதிலையே சொல்லிவிட்டேன்.

“ஜஹாஸ் லேட், பாய்.”

பாய் முகம் தெளிந்துவிட்டது. “அரே, இத மொதல்லயே சொல்லக் கூடாதா?”

அப்பாடா என்று படி இறங்கினேன். பின்னாலேயே குரல் வந்தது.

“எந்த ஜஹாஸும்மா?”

நண்பர்களே, ஏதாவது ஒரு கப்பல் பெயர் சொல்லுங்கள். மெதுவாக வருவதாக இருந்தால் நல்லது.